காஸ்ட்கோவா, சாம்ஸா, பீஜேஸா: முதலில் உங்கள் அடுக்களையைப் பாருங்கள்

நியூ ஜெர்சிக்குப் புதிதாக வருகிற நம் ஆட்களிடம் நான் சொல்வது இதுதான்: காஸ்ட்கோ, சாம்ஸ், பீஜேஸ் மாதிரி, ஆண்டுக் கட்டணம் கட்டி உறுப்பினரானால்தான் வாங்க முடிகிற ஹோல்சேல் கடை எதிலும் முதல் இரண்டு மாதம் உறுப்பினர் கார்டு எடுக்க வேண்டாம். வந்து இறங்கிய வாரமே யாராவது ஒரு அண்ணன் "காஸ்ட்கோ கார்டு எடுத்தாச்சா?" என்று கேட்பார், அக்கறையோடுதான் கேட்பார், சனிக்கிழமை தன் வண்டியிலேயே கூட்டிக்கொண்டும் போவார். போய் வாருங்கள். ஒரு உறுப்பினர் தன்னோடு இரண்டு பேரை உள்ளே அழைத்துப்போகலாம், பணம் மட்டும் அவர்தான் கட்ட வேண்டும். சுற்றிப் பாருங்கள், விலையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சேர்ந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு பால், எவ்வளவு எண்ணெய், எவ்வளவு வெங்காயம் போகிறது என்பது இங்கே வந்து கொஞ்ச நாள் சமைத்த பிறகுதான் தெரியும். ஊரில் தெரிந்த கணக்கு இங்கே செல்லாது. மதியச் சாப்பாடு ஆபீஸில் என்று ஆகிவிடும், குளிரில் தயிர் செலவு குறையும், குழந்தை பள்ளிக்கூடத்தில் பீட்சா கேட்க ஆரம்பிக்கும்.

இந்தக் கடைகள் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது சுலபம். காஸ்ட்கோவும் சாம்ஸ் கிளப்பும் 1983இல் தொடங்கியவை, பீஜேஸ் அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸில் வந்தது. சாம்ஸ், வால்மார்ட்டின் சொந்தக் கடை. அந்த சாம், வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன்தான். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. சரக்கின் மேல் குறைந்த லாபம் வைத்து விற்பது, ஆண்டுக் கட்டணத்தில் சம்பாதிப்பது. காஸ்ட்கோவில் பொதுவாக 14 சதவீதத்துக்கு மேல் லாபம் வைப்பதில்லை, அவர்களுடைய சொந்தப் பெயரான கிர்க்லேண்ட் பொருளுக்கு 15. 2024 நிதியாண்டில் உறுப்பினர் கட்டணமாக மட்டும் அவர்களுக்கு ஏறக்குறைய 480 கோடி டாலர் வந்தது. அதாவது நாம் கட்டுகிற அந்த ஆண்டுக் கட்டணம்தான் அவர்கள் தொழிலின் உயிர். உறுப்பினராக இருப்பது பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தருகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ளுங்கள்.

2025 நிலவரப்படி காஸ்ட்கோவில் சாதாரணக் கார்டு 65 டாலர், எக்ஸிகியூட்டிவ் 130. சாம்ஸில் 50, பிளஸ் என்றால் 110. பீஜேஸில் 60, மேல் கார்டு 120. விலை கூடிய கார்டில் வாங்கியதற்கு 2 சதவீதம் திரும்பி வரும். அங்கேதான் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். காஸ்ட்கோவில் கூடுதலாகக் கட்டும் 65 டாலர் அந்த 2 சதவீதத்தில் திரும்பி வர வேண்டுமானால் ஆண்டுக்கு 3,250 டாலருக்கு வாங்கியிருக்க வேண்டும், மாதத்துக்கு 270 டாலர் சொச்சம். அதில் பெட்ரோல் சேராது. இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில், பாதிச் சாமான் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளிலிருந்து வரும்போது, அந்த எண்ணிக்கை எட்டாது. கவுண்டரில் இருக்கும் பெண் சிரித்த முகமாக "இதை எடுத்துக்கொள்ளுங்கள், லாபம்" என்பார். அவர் வேலை அது. சாதாரணக் கார்டோடு தொடங்குங்கள், நடுவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே மேல் கார்டு எடுத்துவிட்டவர்களும் பதற வேண்டாம், காஸ்ட்கோவில் திரும்பி வந்த தொகை கூடுதல் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் கவுண்டரில் கேளுங்கள், கார்டைக் கீழிறக்கி வித்தியாசத்தைத் தந்துவிடுவார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய பதிவு, இல்லாத முதல் ஆண்டில் நமக்குக் கிடைக்கிற கிரெடிட் கார்டு பெரும்பாலும் டிஸ்கவராகவோ வேறு ஏதாவதாகவோ இருக்கும். அமெரிக்காவில் காஸ்ட்கோ கடைக்குள் கிரெடிட் கார்டு என்றால் விசா மட்டும்தான். மற்றபடி டெபிட் கார்டு, ரொக்கம். வண்டி நிறையச் சாமானை வைத்துக்கொண்டு பின்னால் வரிசை நிற்கும்போது கார்டு செல்லாது என்றால் கூச்சமாகிவிடும், அதனால் பாங்க் டெபிட் கார்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்ஸிலும் பீஜேஸிலும் இந்தத் தொல்லை இல்லை, மாஸ்டர்கார்டு, டிஸ்கவர், அமெக்ஸ் எல்லாம் வாங்கிக்கொள்வார்கள்.

சரி, எது யாருக்கு?

இரண்டு பேர், ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட், சின்ன ஃப்ரிட்ஜ் என்றால் என் ஓட்டு பீஜேஸுக்கு. காரணம் பொட்டலத்தின் அளவு. காஸ்ட்கோவில் ஏறத்தாழ 4,000 வகைப் பொருள்தான் இருக்கும், எல்லாம் பெரிய பெரிய கட்டு. பீஜேஸில் கிட்டத்தட்ட 7,000, அதில் பல சாதாரண சூப்பர் மார்க்கெட் அளவிலேயே கிடைக்கும். அப்புறம் கூப்பன். சோப்பு, டயப்பர், சீரியல் கம்பெனிகள் வெளியிடும் கூப்பனைப் பீஜேஸ் வாங்கிக்கொள்ளும், அதன் மேல் கடையின் கூப்பனையும் சேர்த்துப் போடலாம். மற்ற இரண்டு கடைகளில் அது நடக்காது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இது நல்ல மிச்சம். என் தோழி ஒருத்தி டயப்பரும் வைப்ஸும் கூப்பன் வரும் வாரத்தில் மட்டும் வாங்கி அடுக்குவாள், குழந்தைக்கு விவரம் தெரிகிற வயது வரைக்கும் முழு விலை கொடுத்தே பார்த்ததில்லை. ஆனால் ஒன்று, பீஜேஸ் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்துக் கடை. பிராஜெக்ட் முடிந்து கலிபோர்னியாவுக்கோ சியாட்டிலுக்கோ மாறினால் கார்டு பயன்படாது. சாம்ஸும் எல்லா மாநிலத்திலும் இல்லை, 2018இல் பல கிளைகளை மூடியபோது வாஷிங்டன் மாநிலத்தில் இருந்தவையும் போய்விட்டன. கன்சல்டிங் வேலையில் ஊர் ஊராக மாறுகிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இருவரும் வேலைக்குப் போகிற வீடா, சனிக்கிழமை ஒரு நாள்தான் கையில் இருக்கிறதா, அப்படியென்றால் சாம்ஸ். அவர்களுடைய ஸ்கேன் அண்ட் கோ ஆப்பில் பொருளை எடுக்க எடுக்க நாமே போனில் ஸ்கேன் செய்து, நின்ற இடத்திலேயே பணம் கட்டிவிட்டுக் கிளம்பலாம். பில் போடும் வரிசையே கிடையாது. சனிக்கிழமை மதியம் காஸ்ட்கோ வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடியவர்களுக்கு இதன் அருமை புரியும். தொகை ஏறிக்கொண்டே போவது போனில் தெரிவதால் கை தானாகவே அடங்கும், இதைப் பெரிய நன்மையாக நான் நினைக்கிறேன். 2025 கட்டணப்படி மூன்றில் இதுதான் குறைவு.

எங்கள் வீடு காஸ்ட்கோ வீடு, அதற்கு முதல் காரணம் பாலும் வெண்ணெயும். இரண்டு வளரும் பிள்ளைகள், தயிர் சாதம் இல்லாமல் சாப்பாடு முடியாத கணவர், வருஷத்தில் சில மாதம் வந்து தங்கும் மாமியார். இரண்டு காலன், ஏழரை லிட்டர் சொச்சம், முழுக் கொழுப்புப் பால் எங்களுக்குச் சேர்த்து வாங்கினாலும் வீணாவதில்லை. மிச்சமாவதைப் பார்த்தால் மாமியார் காய்ச்சி உறை ஊற்றிவிடுவார், ஜனவரியில் கூட ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் போட்டுவிட்டால் காலையில் கெட்டியாக இருக்கும். உப்புப் போடாத கிர்க்லேண்ட் வெண்ணெய் நான்கு பவுண்டு கட்டாக வரும். ஞாயிற்றுக்கிழமை காலை அதை அடிகனமான பாத்திரத்தில் உருக்கி, கடைசியில் ஃப்ரோசன் முருங்கைக் கீரை ஒரு கைப்பிடி போட்டு இறக்கினால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நெய் நிற்கும். கடையில் பாட்டிலில் விற்கும் நெய்யின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் தமிழ் வீடு, தெலுங்கு வீடு, குஜராத்தி வீடு எல்லாவற்றிலும் இதே வெண்ணெய்தான் உருகிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம் பருப்பு வகைகள், அதாவது பாதாம், முந்திரி, பிஸ்தா, வால்நட். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போகிற பாதாம் எல்லாம் இங்கிருந்துதான். சித்தி வீட்டுக்கு ஒரு பை, பக்கத்து வீட்டுக்கு ஒரு பை, பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒன்று என்று பட்டியல் நீளும். அந்தப் பாதாம் கலிபோர்னியாவில் விளைவது, தரம் கண்ணால் பார்த்தாலே தெரியும். அசைவ வீடுகளுக்கு 4.99 டாலர் ரொட்டிசெரி கோழி ஒரு வரம், வேலைவிட்டு வருகிற வழியில் வாங்கி வந்து பிய்த்துப்போட்டு மிளகும் வெங்காயமுமாக வதக்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. ஆனால் வெளியே ஃபுட் கோர்ட்டில் விற்கும் ஒன்றரை டாலர் ஹாட் டாக் மாட்டிறைச்சி, சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்குச் சீஸ் பீட்சா போதும்.

எந்தக் கார்டு எடுத்தாலும் இந்தியக் கடை போவது நிற்காது, அதையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இட்லி அரிசி, உளுந்து, துவரம் பருப்பு, நல்லெண்ணெய், புளி, பெருங்காயம், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இதெல்லாம் படேல் பிரதர்ஸ் மாதிரிக் கடைகளில்தான். சோனா மசூரி சில காஸ்ட்கோ கிளைகளில் வரும், ஆனால் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். செய்தி வந்த அன்றே கடை கடையாக ஓடினார்கள், பல கடைகளில் குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று அட்டை தொங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் தடை விலகியது. அந்த நாட்களில் ஒரே வீட்டுக்காரர்கள் பத்து மூட்டை அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அரிசி இல்லாமல் பாஸ்தா தின்றுகூட இருக்கலாம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கஞ்சிக்கு அரிசி இருக்க வேண்டுமே.

வருத்தம் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். திருப்பிக் கொடுக்கும் வசதி இங்கே மிகத் தாராளம். காஸ்ட்கோவில் டிவி, லேப்டாப் போன்றவற்றுக்கு 90 நாள், மற்ற பெரும்பாலான பொருளுக்குக் காலக்கெடுவே இல்லை. மெத்தையை ஆண்டுக்கணக்கில் படுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், பெற்றோர் வந்திருந்த ஆறு மாதம் ஹீட்டரை ஓட்டிவிட்டுக் கொடுத்துவிட்டேன் என்று பார்ட்டிகளில் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கெட்டுப்போன பொருளைக் கொடுங்கள், சொன்னபடி வேலை செய்யாததைக் கொடுங்கள். மற்றது அந்த நம்பிக்கையைத் தின்பது, நாளைக்கு நமக்குப் பின்னால் வருகிறவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

கடைக்குள் போனால் விலைச்சீட்டைப் படிக்கப் பழகுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மொத்த விலையை விட்டுவிட்டு, ஓரத்தில் சின்னதாக பவுண்டுக்கு இவ்வளவு, அவுன்சுக்கு இவ்வளவு என்று இருக்கும், அதை மட்டும் பாருங்கள். பெரிய கட்டு என்பதாலேயே மலிவாக இருக்க வேண்டியதில்லை, சோப்புத் தூளும் தக்காளியும் வேறு சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி வாரத்தில் இதைவிடக் குறைவாகக் கிடைப்பதுண்டு. காஸ்ட்கோவில் விலை 97 சென்டில் முடிந்தால் அது பெரும்பாலும் தள்ளிவிடும் விலை, சீட்டின் மேல் மூலையில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தச் சரக்கு திரும்ப வராது. பிடித்த பொருளில் நட்சத்திரத்தைப் பார்த்தால் அன்றே வாங்கிவிடுவது நல்லது. பை கொண்டுபோக மறக்காதீர்கள். 2022 மே மாதத்திலிருந்து நியூ ஜெர்சியின் பெரிய மளிகைக் கடைகளில் பிளாஸ்டிக் பையும் கிடையாது, காகிதப் பையும் கிடையாது. காஸ்ட்கோவில் காலி அட்டைப்பெட்டி இருந்தால் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

சின்னக் குடும்பமாக இருந்தும் காஸ்ட்கோ விலைதான் வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. அதே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் இருக்கிற இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போங்கள். பத்து பவுண்டு வெங்காயம், உரித்த பூண்டுப் பை, முட்டை, எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்து பாதிப்பாதி பிரித்துக்கொள்ளலாம். கணக்கை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், பத்து டாலரில் நட்பு கசக்கக் கூடாது. இப்படிப் பூண்டு பிரிக்க ஆரம்பித்துத்தான் இந்த ஊரில் எனக்கு நெருக்கமானவர்கள் கிடைத்தார்கள். புது நாட்டில் முதல் குளிர்காலத்தைத் தாண்ட அது பெரிய துணை.

கார்டு எடுக்கிற நாளில் கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்க மாட்டார்கள், புகைப்படம் உள்ள அடையாள அட்டை இருந்தால் போதும். அதே முகவரியில் இருக்கும் இன்னொருவருக்குக் கூடுதல் கட்டணமில்லாமல் இரண்டாவது கார்டு உண்டு, மூன்று கடையிலும் உண்டு. வேலை விசாவில் இருப்பவரின் மனைவியாக எச்4 விசாவில் வந்து, வேலைக்குப் போக முடியாமல், எல்லாவற்றுக்கும் கணவர் வீடு திரும்பும் வரை காத்திருக்கும் பெண்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அந்த இரண்டாவது கார்டை மனைவியின் பெயரில், அவர் படத்தோடு, அன்றே வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.