டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அனுபவம்

பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள், குறிப்பாக எங்கள் ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம், வேதாளை பக்கமும் இருப்பவர்கள், என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்தால் சமாளிக்க முடியுமா?" நான் 2019-ல் டிப்ளமோ சேர்ந்து, 2022-ல் லேட்டரல் என்ட்ரி வழியாக கம்ப்யூட்டர் சயின்ஸ் போய், 2025-ல் முடித்தேன். முடியும். எங்கே இடிக்கும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக முடியும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் சேர்க்கை. டிப்ளமோக்காரர்களுக்கான கவுன்சிலிங் தனி. எங்கள் வருடம் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி மூலம் ஆன்லைனில் நடந்தது. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து ரேங்க் போடுவார்கள். முதல் பட்டதாரி சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடைக்காது. அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாக ஏறி வர வேண்டும். கடைசி செமஸ்டர் நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு அலைந்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

பணம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இரட்டைப்படை செமஸ்டர் தேர்வு, அடுத்த வருடக் கட்டணம், கவுன்சிலிங் செலவு எல்லாம் அந்த நாட்களை ஒட்டியே வந்து நிற்கும். படகு கரையில் கிடக்கும்போது யாரிடம் போய்க் கேட்பது? அரசு நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் அறிவித்தார்கள். அது வீட்டு அரிசிக்கே சரியாக இருக்கும். அம்மா ஒரு வழி செய்தார். தை பிறந்ததும் மகளிர் குழுவில் சேமிப்பைக் கூட்டி, படிப்புக்கென்று ஒதுக்கிய பணத்தில் வேறு எதற்கும் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பெரிய இறால் பாடு வந்த நாளில்கூட அப்பா அதைக் கேட்டதில்லை. நான் தேர்வுக் கட்டணத்தைத் தாமதக் கட்டணம் இல்லாமல் கட்டியதற்கு அம்மாதான் காரணம்.

ராமநாதபுரத்துக்குப் போக வர ரயிலை நம்பிச் சேர்ந்தேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-ம் தேதி, என் கடைசி செமஸ்டரில். இடைப்பட்ட காலம் முழுக்க பஸ்தான். 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும் என்பதால் காற்று, மழை என்று வீட்டில் இருந்துவிட முடியாது. பஸ்ஸில் புத்தகம் படிக்க எனக்கு வராது, தலை சுற்றும். அதனால் ஐஐடி பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். வீடியோக்களை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, வண்டியில் குரலை மட்டும் கேட்டுக்கொண்டே போவேன். எழுதிப் பார்ப்பது இரவில். சரி, இப்போது பாடத்துக்கு வருகிறேன்.

லேட்டரல் என்ட்ரியில் சேர்கிறவர்கள் நுழைவது மூன்றாவது செமஸ்டரில். கூடப் படிப்பவர்கள் அதற்குள் பைத்தான், சி, இரண்டு கணக்குப் பேப்பர் எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் படித்த அண்ணா பல்கலைக்கழக 2021 பாடத்திட்டத்தில் மூன்றாவது செமஸ்டரே டிஸ்க்ரீட் மேத்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஜிட்டல் பிரின்சிபிள்ஸ், டேட்டா சயின்ஸ், ஜாவா என்று கனமானது. ஜாவாவும் சி-யும் டிப்ளமோவில் கை பழகியவை. பைத்தானைப் பிடித்துவிடலாம், ஒரு மொழி தெரிந்தவருக்கு இன்னொன்று சில வாரம்தான். நிஜமான பள்ளம் டிஸ்க்ரீட் மேத்ஸ். பத்தாவதோடு பள்ளிக் கணக்கை விட்டுவிட்டு வந்தவளுக்கு, "நிரூபி" என்று தொடங்கும் கேள்வியில் பேனா நகரவே இல்லை.

அப்போது எனக்குக் கைகொடுத்தது பாலிடெக்னிக் லேப்தான். அங்கே 7400 என்ற நேண்ட் கேட் ஐசியை பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் சர்க்யூட் கட்டும் பலகை) செருகி, எல்இடி எரிகிறதா அணைகிறதா என்று பார்த்து டி மார்கன் விதியைச் சரிபார்த்திருந்தேன். உள்ளீடுகளை "அண்ட்" செய்து தலைகீழாக்கினாலும், ஒவ்வொன்றையும் தலைகீழாக்கி "ஆர்" செய்தாலும் விடை ஒன்றே என்பதுதான் அந்த விதி. இரண்டு உள்ளீடு என்றால் 0, 1 மாற்றி மாற்றிப் போட்டால் நான்கு வரிசை. நான்கையும் பார்த்தாயிற்று, விதி சரி. அதே விதி பத்து உள்ளீட்டுக்கு? 1,024 வரிசை. எத்தனை உள்ளீடு என்றே சொல்லாமல் "என்" என்று போட்டுவிட்டால்? எந்த பிரெட்போர்டும் போதாது. நிரூபணம் எதற்கு என்பது எனக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான். தொகுத்தறிதல் முறையில் என்ன செய்கிறார்கள் என்றால், "கே" உள்ளீடு வரை விதி சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்றைச் சேர்க்கும்போது பழைய "கே" உள்ளீட்டையும் ஒரே கட்டாகக் கட்டி ஒன்றாகப் பார்க்கிறார்கள். இப்போது கையில் இருப்பது இரண்டே உள்ளீடு. அது என் ஐசி ஏற்கெனவே காட்டிய விதி! இதைத் தனியாக உட்கார்ந்து எழுதி முடித்த இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

டிப்ளமோ பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நம் மாநிலப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்புக் கணக்கில் கணங்கள், சேர்ப்பியல், தொகுத்தறிதல் எல்லாம் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் தனிநிலைக் கணிதம் (அதுதான் டிஸ்க்ரீட் மேத்ஸ்) என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலும் கிடைக்கும். நான் முதலில் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலப் புத்தகத்துக்குப் போனேன். என்னை அந்தப் பேப்பரில் பாஸ் செய்ய வைத்தது அந்தத் தமிழ்ப் புத்தகம் என்று தயங்காமல் சொல்வேன்.

நான்காவது செமஸ்டரில் டிபிஎம்எஸ், அதாவது டேட்டாபேஸ் பாடம். இதில் நம் கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. ஏலக்கூடத்துக் கணக்கு நோட்டைப் பார்த்தே வளர்ந்திருப்போம். அதில் ஒரே கட்டத்தில் "இறால், கணவாய், நண்டு" என்று மூன்றையும் எடையோடு எழுதியிருப்பார்கள். கணவாய் மட்டும் எவ்வளவு விற்றது என்று கேட்டால் பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் தேட வேண்டும். ஒரு கட்டத்தில் ஒரே மதிப்பு என்ற முதல் நார்மல் ஃபார்ம் அதற்காகத்தான். வியாபாரியின் போன் நம்பர் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப இருக்கும். அவர் நம்பரை மாற்றினால் எல்லா வரியையும் திருத்த வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் கணக்கு குழம்பும். ஒரே ஒரு விற்பனை உள்ள வியாபாரியின் வரியை அடித்துவிட்டால் அவர் நம்பரும் சேர்ந்து போய்விடும். எட்கர் காட் என்ற கணினி அறிஞர் 1970-ல், தரவைத் தனித்தனி அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் மாடலை எழுதும்போது ராமேஸ்வரம் ஏலத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் தீர்த்துவைத்த சிக்கல் அங்கே தினமும் நடக்கிறது.

அதனால் கடைசி வருட புராஜெக்டாக அந்த ஏலக் கணக்கையே எடுத்தோம். ரெடிமேடாக விற்கும் புராஜெக்டை வாங்கி வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வு) இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவீர்கள். எங்களிடம் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சார் கேட்டது, "கிலோ விலை ஏன் மீன் டேபிளில் இல்லை?" விலை மீனுக்குச் சொந்தம் இல்லை சார், அந்த நேரத்து ஏலத்துக்குச் சொந்தம், அதே இறால் காலையில் ஒரு விலைக்கும் படகுகள் எல்லாம் வந்த பிறகு வேறு விலைக்கும் போகும் என்றேன். அடுத்து, இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே கூடையை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பதிந்தால் என்ன ஆகும் என்றார். ஒருவர் பதிந்து முடிக்கும்வரை இன்னொருவரைக் காத்திருக்க வைக்கும் டிரான்சாக்ஷன், லாக் என்று போனது பேச்சு. பயந்து போனவர்கள் ஆர்வமாகப் பேசிவிட்டு வந்தோம்.

நெட்வொர்க்ஸ் பேப்பர் டிப்ளமோ பிள்ளைகளுக்கு எளிது. ஆர்ஜே 45 கேபிளுக்கு வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம் என்று வரிசை பார்த்துக் கிரிம்ப் செய்த கைக்கு, லேயர்கள் வெறும் படமாகத் தெரியாது. கம்பைலர் டிசைன் கஷ்டம்தான். தியரி ஆஃப் கம்ப்யூடேஷனை ஒழுங்காகப் படித்திருந்தால் பாதி குறையும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் செம்புத் தொடர்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். திடீரென்று ஆன் ஆகாமல் போனால் கடைக்கு ஓடுவதற்கு முன், கரன்ட் இணைப்பையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ரேம் காலை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்துப் போட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் பல மெஷின்கள் இப்படியே எழுந்திருக்கின்றன.

டிப்ளமோ கடைசித் தேர்வுக்கும் பி.இ. வகுப்பு தொடங்குவதற்கும் நடுவே சில மாதம் கிடைக்கும். அதில் பைத்தானையும், மேலே சொன்ன பள்ளிக் கணக்கு அத்தியாயங்களையும் முடித்துவிடுங்கள். வேறு எந்த கோர்ஸுக்கும் அப்போது பணம் கட்ட வேண்டாம். அப்புறம், டிப்ளமோ லேப் ரெக்கார்டு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கேட், ஃபிளிப்ஃபிளாப், கவுன்ட்டர் எல்லாம் மூன்றாவது செமஸ்டர் டிஜிட்டல் பேப்பரில் அப்படியே திரும்ப வரும்.