பார்த்து எழுதுவதும் எழுதுவதும்

ஒன்றாம் வகுப்புக் குழந்தை பாடப்புத்தகத்தைத் தங்குதடையில்லாமல் வாசித்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லை விரலால் மறைத்துவிட்டு அடுத்த சொல்லைக் கேட்பேன். பாதிப் பேர் மறைத்த சொல்லையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். படம் தெரியும், பாட்டு மனப்பாடம், பக்கத்தில் இருப்பவன் சொல்வதும் காதில் விழுகிறது. எழுத்தைப் பார்க்கவேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை. ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரே வளாகம். காலையில் 'அ' எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, மதியம் எட்டாம் வகுப்பில் கட்டுரை நடத்தும் நாட்களும் உண்டு. இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் விட்டது ஆறாம் வகுப்பில் என்னவாக வந்து நிற்கிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். உண்மையில் குழந்தைக்கு அந்த எண்ணிக்கை பாரமில்லை. புள்ளி வைத்தால் மெய், கால் போட்டால் நெடில். இவை ஒருமுறை பிடிபட்டால் எல்லா எழுத்துக்கும் ஓடிவிடும். முட்டுக்கட்டை உகர வரிசையில். கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, டு வேறு, து வேறு. இங்கே விதியே கிடையாது, ஒவ்வொன்றாகத்தான் பழகவேண்டும். ஆகார, ஐகார வரிசையிலும் முன்பு இப்படிக் குழப்பம் இருந்தது. 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, லை, னை எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. இப்போதும் தாத்தா எழுதிக்கொடுத்த வீட்டுப்பாடத்தில் தும்பிக்கை வைத்த பழைய 'லை' வரும், பிள்ளைகள் அதை அதிசயமாகப் பார்ப்பார்கள். உகரத்தை அந்தச் சீர்திருத்தம் தொடவில்லை. அதனால் அந்த வரிசைக்கு மற்றதைவிட அதிக நாள் ஒதுக்குகிறேன். பாடத்திட்டம் கொஞ்சம் பின்தங்கினால் தங்கட்டும்.

அடுத்தது கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகள். 'கொக்கு' என்பதைக் குழந்தை இடமிருந்து வலமாக நேர்மையாகப் படிக்கிறது: கெ... அப்புறம் ஒரு கால்... க்கு. தப்பு குழந்தை மேல் இல்லை. ஓசை ஒன்று, அதன் குறி எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. 'வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பார்' என்பதுதான் என் வகுப்பின் முதல் விதி. கொம்பு ஓர் அட்டை, எழுத்து ஓர் அட்டை, கால் ஓர் அட்டை. காலை எடுத்தால் கெ, திரும்ப வைத்தால் கொ. நாலைந்து நாள் இந்த விளையாட்டு ஓடினால் போதும். 'வௌவால்' வந்தால் மட்டும் நான் கையை விரித்துவிடுவேன். அச்சில் அது 'வெ-ள-வால்' என்றே தெரிகிறது, அப்படித்தான் படிப்பார்கள். வௌவாலைப் பார்த்திருக்கிற பிள்ளை, படித்துவிட்டுத் தானே சிரித்துத் திருத்திக்கொள்ளும்.

திட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2007-08-இல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தபோது அட்டைகள், பாடப் படிகளைக் காட்டும் ஏணிப்படி, பிள்ளைகள் எழுதக் கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைகள் எழுதியதைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் என்று வகுப்பறையே மாறியது. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். இரண்டிலும் நல்லது உண்டு. எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே பாடத்தில் நிற்காது என்பதை ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். என் குறை வேறு. எந்தத் திட்டம் வந்தாலும் நம் வகுப்பறைகளில் எழுத்து என்றால் பார்த்து எழுதுவதுதான். கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு, புத்தகத்திலிருந்து நோட்டுக்கு, நோட்ஸிலிருந்து நோட்டுக்கு. முத்துமுத்தாக எழுதுகிற பெண்ணிடம் 'நீ எழுதினதைப் படி பாப்பா' என்றால் விழிக்கும். படம் வரைகிற மாதிரி எழுத்தை வரைந்திருக்கிறது.

இவர்கள்தான் ஆறாம் வகுப்புக்கு வருகிறார்கள். இந்தப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்கள் அதிகம். பொங்கல் முடிந்து கிளம்பினால் பள்ளி திறக்கும்போதுதான் வருவார்கள், பிள்ளைகளும் கூடவே. எந்த எழுத்து எப்போது விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வாசிக்கத் தெரியாததை மறைக்க அவர்களிடம் அபாரமான திறமை இருக்கும். புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடிப்பார்கள், பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கிசுகிசுப்பான், இவன் உரக்கச் சொல்வான். தங்கள் முறை வரும்போது தண்ணீர் தாகம் எடுக்கிற பையன்களும் உண்டு.

இவர்களிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எல்லோர் முன்னாலும் நீட்டினால் அன்றோடு பள்ளிக்கூடமே கசந்துவிடும். ஒரு பையனிடம் சத்துணவுப் பலகையை ஒப்படைத்தேன். தினமும் அன்றைய உணவை எழுதவேண்டியது அவன் வேலை. என்ன சாப்பாடு என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் பொருளைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்கு வந்தான். 'பிரியாணி'யை யாரும் சொல்லித்தரவில்லை, கடைப் பலகையைப் பார்த்தே பழகியிருந்தான். ணி அங்கிருந்து கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு தண்ணி, துணி, மணி என்று நடந்தோம்.

2023-இல் வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலையில் சின்னப் புத்தகங்கள் வந்தது இவர்களுக்குத்தான் பெரிய உதவி. பெரிய பையன்கள் 'நுழை' வரிசையைத் தொடக் கூச்சப்படுவார்கள். 'தம்பிக்குப் படிச்சுக் காட்டணும் மிஸ்' என்று ஒரு சாக்கு கண்டுபிடித்தார்கள். தம்பியே இல்லாதவனும் அதைச் சொல்லி எடுத்துப்போனான். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எழுத்துக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொருவருக்கும் இன்னொரு நோட்டு. அதில் சொந்தமாகத்தான் எழுதவேண்டும். ஒரு வரியானாலும் சரி. அதில் ஒரு பெண் எழுதியது இது: 'எங்கா ஆடு குட்டி போட்டுச்சி. ஒன்னு செத்து போச்சி. அம்மா அழுவல. ஆயா அழுதுச்சி.' நாலு வரியில் ஒரு வீடே இருக்கிறது. இதில் எதைத் திருத்துவது? 'எங்கா'வில் இருக்கும் காலை மட்டும் காட்டினேன், அவளே அடித்துவிட்டாள். 'போட்டுச்சி'யை விட்டுவிட்டேன். 'ஆடு குட்டி ஈன்றது' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தால் அந்த நான்காவது வரி வந்திருக்காது.

பேச்சுத்தமிழில் எழுதவிட்டால் உரைநடை கெட்டுவிடும் என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தை வீட்டில் 'மழை பேஞ்சிச்சு' என்கிறது. புத்தகத்தில் 'மழை பெய்தது'. இரண்டும் ஒன்று என்று புரிவதற்கு முன்னால் 'பெய்தது' அதற்கு வெறும் ஓசை. நான்கு, ஐந்தாம் வகுப்பில் நிறையக் கதை படிக்கப் படிக்க, அவர்களே மாறுகிறார்கள். ல, ள, ழ குழப்பம்தான் மாறாமல் வரும். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் மூன்றும் ஒரே ஓசை, காதை நம்பி எழுதினால் தப்பாகத்தான் வரும். கண்ணுக்குப் பழகவேண்டிய விஷயம் அது, அதற்கும் வாசிப்புதான் மருந்து.

பெற்றோருக்கு இந்த இரண்டாவது நோட்டு பிடிக்காது. 'இவ்ளோ தப்பு இருக்குதே, செகப்பு மையே காணோமே டீச்சர்' என்று ஓர் அம்மா நேரில் வந்து கேட்டார். முதல் நோட்டை எடுத்துக் காட்டினேன். அதில் சிவப்பு மைக்குக் குறைவில்லை. அரைமனதாகப் போனார்.

எட்டாம் வகுப்பில் கடிதம் என்றாலே அனுப்புநர், பெறுநர், 'மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்', இப்படிக்கு. இது தேர்வுக்கு மனப்பாடம். பள்ளிக்கு எதிரே இருந்த தெருக்குழாய் உடைந்து ஒழுகிக்கொண்டிருந்த சமயம், நிஜமாகவே ஊராட்சிக்கு எழுதச் சொன்னேன். பழகிய அச்சில் ஒரு விண்ணப்பம் தயாரானது. 'குழாய்' என்பது 'குளாய்' ஆகியிருந்தது. இரண்டு பேர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். வாரங்கள் போயின, ஒன்றும் நடக்கவில்லை. அப்போது நான் சொல்லாமலேயே இரண்டாவது கடிதம் எழுதினார்கள். எந்தத் தேதியில் விண்ணப்பம் கொடுத்தோம், யார் வாங்கிக்கொண்டார், ஒரு மணி நேரத்தில் எத்தனை குடம் தண்ணீர் வீணாகிறது என்று குடம் வைத்துப் பிடித்துப் பார்த்த கணக்கு, எல்லாம் அரைப் பக்கத்தில். இந்த முறை 'குழாய்' சரியாக இருந்தது. 'மிகத் தாழ்மையுடன்' இல்லை.