பெரியப்பாவும் ஒரு 'னி' எழுத்தும்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதமாகியும் என் கைகள் பழைய கைகளாகவே தொங்கின. பயிற்சி தருகிற தம்பி இரக்கப்பட்டு, "தசைக்குச் சக்தி தருகிற தூள், கிரியேட்டின். எடுத்துப் பாருங்களேன், அண்ணா" என்றார். தேங்காய் வாங்குவதைப்போல ஐந்து நிமிட வேலை என்று நினைத்து, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்கினேன்.

கடையில் பால்மாப் பேணிகளின் மூத்த அண்ணன்மார்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான்கு வகைக் கிரியேட்டின் பேணிகள் நின்றன. மொனோஹைட்ரேட், மைக்ரோனைஸ்ட், ஹைட்ரோகுளோரைட், எத்தில் எஸ்டர். கடைசிப் பெயரைக் கண்டதும் உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு எனக்குக் கிடைத்த 'எஸ்' என்ற ஆகக் குறைந்த சித்தி நினைவுக்கு வந்து வியர்த்தது.

"மொனோஹைட்ரேட் பழைய காலத்துச் சாமான், அண்ணா. எஸ்டர்தான் நேரே தசைக்குப் போகும்" என்றார் கடைப் பையன். அதன் விலைக்கு மூன்று மாத ஜிம் சந்தா கட்டலாம். "ஆகக் குறைந்த விலை எது?" என்றேன். "அந்தப் பழையதுதான், அங்கிள்."

ஒரே கேள்வியில் இருபது வயது கூடிவிட்டது. யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியேறினேன்.

வீட்டில் பெரியப்பா இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார். "கிரியேட்டினின் ஏறிவிட்டது என்று வைத்தியர் என் இறைச்சிக் கறியை நிறுத்திவிட்டார். நீ அதைக் காசு கொடுத்து வாங்கப் போகிறாயா?" அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"அது கிரியேட்டினின், பெரியப்பா. இது கிரியேட்டின். நடுவில் 'னி' கிடையாது. இது விறகு, அது சாம்பல். சாம்பலைச் சிறுநீரகம் வெளியே கொட்டுகிறது."

"விறகை அள்ளிப் போட்டால் சாம்பலும் கூடும்தானே?"

பதில் தெரியாமல் இரவு முழுவதும் வாசித்தேன். எரிச்சலூட்டும் விதமாக, பெரியப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. எத்தில் எஸ்டரில் பெரும்பகுதி தசையை எட்டுமுன்பே கிரியேட்டினினாக உடைந்துவிடுகிறதாம். அதாவது ஆக விலை கூடிய பேணியில் இருந்தது பெரும்பாலும் சாம்பல். ஹைட்ரோகுளோரைட் தண்ணீரில் எளிதாகக் கரையும். அதற்காகத் தசை கூடுதலாக வளரும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. மைக்ரோனைஸ்ட் என்பது மொனோஹைட்ரேட்டையே இன்னும் பொடியாக அரைத்தது. 1832இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரெல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தது கிரியேட்டின். ஆக, பழைய காலத்துச் சாமான் என்று பையன் சொன்னதாவது சரி. நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் நாளுக்கு 20 கிராம் வீதம் விழுங்காவிட்டாலும் மூன்று நான்கு வாரத்தில் தசையில் கிரியேட்டின் நிரம்பிவிடும்.

"இறைச்சியில் இருந்தால் மீனிலும் இருக்குமே?" என்றார் அம்மா.

"இருக்கிறது. ஒரு கிலோ சூரையில் ஏறக்குறைய 4 கிராம்."

"தினமும் ஒரு கிலோவா?" சந்தை விலையை மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தார். "நீ பேணியையே வாங்கு."

குடும்பத்தில் சிறுநீரகப் பிரச்சினை இருப்பதால் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பழையதையே வாங்கினேன். குளிர்ந்த தண்ணீரில் அடியில் மணலாகத் தங்கியது; இளஞ்சூடான பிளேன்டீயில் கரைந்தது.

இரண்டு வாரத்தில் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. பெருமையோடு பெரியப்பாவிடம் சொன்னேன்.

"தசையா?"

"இப்போதைக்குப் பெரும்பாலும் தண்ணீர். தசைக்குள் இழுத்து வைத்துக்கொள்ளுமாம்."

அவர் அறிக்கையை மடித்து வைத்தார். "மாடிக்குத் தண்ணீர் ஏற்றப் புது மோட்டார் வாங்கலாம் என்று எல்லாரிடமும் பணம் கேட்டபோது, கையில் காசில்லை என்றாயே."