‘விசுவாசி’ என்றால் என்ன செய்வது?

“ஆண்டவன்மாரே, இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்?” அப்போஸ்தலர் 16-ல் பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காரன், அடிபட்டுச் சிறையில் கிடந்த பவுலையும் சீலாவையும் பார்த்துக் கேட்ட கேள்வி இது. நடுராத்திரி. பூமி அதிர்ந்து கதவுகளெல்லாம் திறந்து கிடக்கின்றன. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று நினைத்து, உருவிய பட்டயத்தால் தன்னையே குத்திக்கொள்ளப் போனவன். கைதி தப்பினால் காவலாளியின் தலை போகும் காலம் அது. பேதுரு தப்பியபோது ஏரோது காவலாளிகளைக் கொன்றதை நாலு அதிகாரம் முன்னால்தான் படித்தோம்.

பதில் ஒரே வரி: “கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி, அப்பொழுது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்.”

இந்த வசனத்தைத் தமிழில் சொல்லும்போது ஒரு சிக்கல் உண்டு. சபைக்கு வெளியே விசுவாசம் என்றால் எஜமானுக்கு உண்மையாக இருப்பது. ‘நாய்க்கு இருக்கிற விசுவாசம்கூட உனக்கு இல்லையே’ என்று திட்டுகிறோமே, அந்த அர்த்தம். அந்தக் காதோடு கேட்பவருக்கு ‘இயேசுவை விசுவாசி’ என்பது ‘இயேசுவுக்கு விசுவாசமாக நடந்துகொள்’ என்றுதான் விழும். அதாவது நல்லவனாக நட, பிறகு பார்க்கலாம். முதல் வார்த்தையிலேயே ஆள் கிரியைக்குள், அதாவது நற்செயலால் இரட்சிப்பைச் சம்பாதிக்கும் முயற்சிக்குள் போய்விடுகிறார். கிரேக்கத்தில் அந்த வரியில் ‘எபி’ என்ற சொல் நிற்கிறது. ‘மேல்’ என்று பொருள். இயேசுவின் மேல் உன் பாரத்தை வை. விசுவாசம் என்று மொழிபெயர்க்கிற ‘பிஸ்டிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் உண்மையாயிருத்தல் என்ற அர்த்தம் உண்டுதான். ஆனால் பவுல் அதைக் கிரியைக்கு எதிரே நிறுத்தும் இடங்களில் அந்த அர்த்தத்தைப் போட்டால் வாக்கியமே நிற்காது. அதனால் புதிதாகக் கேட்பவரிடம் முதலில் ‘நம்பு’ என்று சொல்லுங்கள். ‘விசுவாசி’ என்ற சபைச் சொல் பிறகு தானாக வரும்.

எளிது என்றால் வெறுமை என்று அர்த்தமில்லை. அந்த ஒரு வரியோடு, 31-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். 32-ல் அவனுக்கும் அவன் வீட்டார் அனைவருக்கும் கர்த்தருடைய வசனத்தைப் போதித்தார்கள் என்றிருக்கிறது. எதை நம்புவது என்று தெரியாமல் நம்ப முடியாது. அந்த ‘எது’ 1 கொரிந்தியர் 15:3, 4-ல் சுருக்கமாக இருக்கிறது: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார். இதை அறிவது ஒன்று, உண்மைதான் என்று ஒப்புக்கொள்வது இன்னொன்று. பரம்பரைக் கிறிஸ்தவர்களில் பலர் இந்த இரண்டாவது படியில்தான் நிற்கிறார்கள். அந்தப் படியில் பிசாசுகளும் நிற்கின்றன, நடுங்கிக்கொண்டு (யாக்கோபு 2:19). ‘என் பாவத்துக்காக’ என்று அவர் மேல் சாய்வது மூன்றாவது.

பெரும்பாலும் கோளாறு இங்கேதான் வருகிறது. ‘எனக்குப் போதுமான விசுவாசம் இருக்கிறதா?’ என்று அளக்க ஆரம்பித்தால் விசுவாசமே ஒரு கிரியையாகிவிடும். எண்ணாகமம் 21-ல் பாம்பு கடித்தவன் கம்பத்திலிருந்த வெண்கலப் பாம்பை நோக்கிப் பார்த்தான், பிழைத்தான். எவ்வளவு நேரம் பார்த்தான், பார்வை தெளிவாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இயேசுவே யோவான் 3:14-ல் தன்னை விளக்க எடுத்துக்கொண்ட காட்சி அது. இதற்கு ஒரு பின்கதையும் உண்டு: பிற்காலத்தில் ஜனங்கள் அந்த வெண்கலப் பாம்புக்கே தூபம் காட்ட ஆரம்பித்தார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4).

இன்று நாம் தூபம் காட்டுவது கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) மேடையிலிருந்து சொல்லிக்கொடுக்கும் பாவ அறிக்கை ஜெபத்துக்கு. கை தூக்கினாயா, பின்னால் சொன்னாயா, தேதி என்ன? அந்த ஜெபத்தில் தப்பில்லை. ஆனால் அப்படியொரு வாசகத்தைச் சொல்லச் சொல்லி வேதத்தில் யாருக்கும் கட்டளை இல்லை. தேதி நினைவில்லாதவர் இரட்சிக்கப்படவில்லை என்று மிரட்டுவது கிருபையின் வேலையல்ல.

‘விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் செத்தது என்று யாக்கோபு சொல்கிறாரே?’ என்ற கேள்வி தவறாமல் வரும். ஆபிரகாமின் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆதியாகமம் 15:6-ல் அவன் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது. அதற்குப் பிறகு இஸ்மவேல் பிறக்கும்போது அவனுக்கு வயது 86. விருத்தசேதனம் 99 வயதில். ஆக, நீதிமான் என்று எண்ணப்பட்டுக் குறைந்தது 13 வருஷம் கழித்துத்தான் அந்த அடையாளம் வந்தது. ரோமர் 4-ல் பவுல் பிடித்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். யாக்கோபு காட்டுவதோ 22-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியதை. அது இன்னும் பல வருஷம் தள்ளி. பவுல் வேரைத் தோண்டிக் காட்டுகிறார், யாக்கோபு காயைத் தட்டிப் பார்க்கிறார். (கத்தோலிக்கர் இதை வேறு விதமாக அடுக்குவார்கள். 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் லூத்தரின் ‘விசுவாசத்தினால் மட்டும்’ என்ற போதனையை மறுத்தது. 1999-ல் லூத்தரன் உலகச் சம்மேளனமும் வத்திக்கானும் இதே விஷயம் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

பிலிப்பிக்கே திரும்பலாம். வசனத்தைக் கேட்டபின் சிறைக்காரன் அந்த இராத்திரி நேரத்திலேயே அவர்களுடைய காயங்களைக் கழுவினான். முன்பு அவர்கள் கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவனும் அவன்தான். தண்ணீர் கொண்டுவா, பிறகு இரட்சிப்பைப் பற்றிப் பேசலாம் என்று பவுல் சொல்லவில்லை. வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான், வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வைத்தான். விடிந்ததும் அதிகாரிகளிடமிருந்து விடுதலை உத்தரவு வந்தபோது, அதைப் பவுலிடம் வந்து சொன்னதும் அதே சிறைக்காரன்தான், அதே வேலையில்.