மூன்றாவது வரி: எஃப்.என்.பி. பயிற்சி நாட்குறிப்பு, மட்டக்களப்பு

ஜனவரி 5, 2026

அமெரிக்காவின் ஃபெமிலி நர்ஸ் பிரக்டிஷனர் (எஃப்.என்.பி., குடும்பத்தில் எல்லா வயதினரையும் பரிசோதித்து நோய் மதிப்பிடும் உயர்பயிற்சித் தாதி) முதுநிலைப் பாடத்தை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து படிக்கும் தாதியருக்கு இந்தக் குறிப்புகள்.

1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாதி லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் தொடங்கிய பயிற்சி இது. முதலில் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்தது. இன்று குடும்பப் பிரிவில் பிறந்த குழந்தை முதல் முதியவர் வரை எல்லோரும் அடக்கம். நோயுடலியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்றும் மேல்நிலைப் பாடங்களாக அடித்தளமிடுகின்றன. 2022இல் வந்த தர விதிப்படி நோயாளியை நேரடியாகப் பார்த்த மணி குறைந்தது 750 வேண்டும். பொம்மை உடலில் பழகிய நேரம் அதில் சேராது.

அங்கே பயிற்சி முடித்து உரிமம் பெற்றவர் அந்தந்த மாநிலச் சட்டப்படி மருந்தும் எழுதுவார். இங்கே அது வைத்தியரின் வேலை. ஆனாலும் கேட்பது, தொட்டுப் பார்ப்பது, என்னவாக இருக்கலாம் என்று முடிவுக்கு வருவது ஆகியவை எந்தக் கிளினிக்கிலும் உதவும்.

ஜனவரி 8

பிரஷர் பார்ப்பது. எல்லோருக்கும் தெரிந்த வேலை, அதனால்தான் அதிகம் பிழையாகிறது.

வாழைச்சேனையிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ பஸ்ஸில் வந்து, வெயிலில் நடந்து, வரிசையில் நின்றவரை உட்கார்ந்த உடனேயே அளந்தால் வருவது அந்த நடையின் பிரஷர். 5 நிமிடம் இருக்கவிடுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் நிலத்தில் பட வேண்டும், கால்மேல் கால் கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். தேத்தண்ணி, பீடி, சிகரெட் எல்லாம் அரை மணிக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். சலம் முட்டிக்கொண்டு இருக்கிறவரை முதலில் போய்வரச் சொல்லுங்கள். அளக்கும்போது நீங்களும் பேசாதீர்கள்.

கையில் சுற்றும் பட்டியின் உள்ளே காற்று நிரம்பும் பை, மேற்கைச் சுற்றளவில் 80 வீதத்தைச் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் அளவு கூடிக் காட்டும். கை கீழே தொங்கினாலும் கூடும். முதலில் நாடியைத் தொட்டபடி காற்றடித்து, நாடி மறையும் இடத்தைக் குறித்து, அதற்கு 30 மேலே ஏற்றுங்கள். இதைத் தவறவிட்டால் சிலருக்கு இடையில் நாடி ஒலி மறையும் இடைவெளியில் ஏமாந்து, மேல் அளவைக் குறைத்து எழுதிவிடுவோம். செக்கனுக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்குங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

ஒரு கொப்பியில் 140/90, 150/90, 160/100 என்று எல்லாம் பூச்சியத்தில் முடிந்தால், யாரோ காதால் கேட்காமல் கண்மதிப்பில் எழுதியிருக்கிறார்.

ஜனவரி 13

இந்தப் பயிற்சியின் கடினமான இடம் இதுதான். குறிப்பு நான்கு வரியாக எழுதப்படும்: நோயாளி சொன்னது, நாம் கண்டது, நம் மதிப்பீடு, செய்யப்போவது. முதல் இரண்டையும் தாதியர் அழகாக எழுதுவார்கள். வார்டில் வளர்ந்த பழக்கம் அது. மூன்றாவது வரிக்கு வந்ததும் பேனை நின்றுவிடும். “தலைச்சுத்து” என்று முதல் வரியையே திரும்ப எழுதிவிடுவார்கள்.

தலைச்சுத்து ஒரு சொல், உள்ளே மூன்று சங்கதி. “வீடு சுத்துதா, எழும்பேக்க கண் இருட்டுதா, நடக்கேக்க தள்ளுதா அம்மா?” என்று பிரித்துக் கேளுங்கள். அதற்கு முன் அவரைத் தன்பாட்டில் சொல்லவிடுங்கள், குறுக்கிடாதீர்கள். எழும்பும்போது கண் இருட்டினால் 5 நிமிடம் படுக்க வைத்து அளந்து, எழுந்து நின்ற 1ஆம் நிமிடத்திலும் 3ஆம் நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 விழுந்தால் அது கண்டுபிடிப்பு.

அப்போது மூன்றாவது வரி இப்படி வரும்: “எழும்போது இரத்த அழுத்தம் விழுகிறது. போன கிழமை தொடங்கிய பிரஷர் குளிசை பிரசோசின் முதற் சந்தேகம். சோகை, நீரிழப்பு விலக்கப்பட வேண்டும். நெஞ்சு நோ, நெஞ்சுப் படபடப்பு, பேச்சுக் குழறல் இல்லை.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஆபத்தானதைத் தேடிப் பார்த்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி. கிட்டத்தட்ட உறுதியானதை முதலில் எழுதலாம், ஆனால் விலக்கிப் பார்ப்பது ஆபத்தானதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜனவரி 21

காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுக் கிளினிக்குகளுக்கு: ரமழான் நோன்பு கிட்டுகிறது. சீனி வருத்தக்காரரோடு 6 முதல் 8 கிழமைக்கு முன்னரே பேசத் தொடங்கியிருக்க வேண்டும். இனியும் பிந்தக் கூடாது. கிளிபென்கிளமைட் போன்ற குளிசை, இன்சுலின் எடுப்பவருக்குச் சீனி இறங்கும் அபாயம் அதிகம். அளவையும் நேரத்தையும் வைத்தியரே மாற்றித் தர வேண்டும். இரத்தச் சீனி (மி.கி./டெ.லீ. அளவில்) 70க்குக் கீழே அல்லது 300க்கு மேலே போனால் நோன்பை விட வேண்டும். “உம்மா, ஸஹருக்கு எழும்பாம நோன்பு பிடிப்பீங்களா?” என்ற கேள்வி கட்டாயம் (ஸஹர் என்பது விடியுமுன் உண்ணும் சாப்பாடு).

ஜனவரி 27

மாரி மழை ஓய்ந்த கையோடு டெங்கு, முன்மாரி அறுவடையோடு எலிக்காய்ச்சல். இரண்டும் ஒரே வாங்கில் வந்து இருக்கும்.

காய்ச்சல் எத்தனையாம் நாள் என்று நேரத்தோடு எழுதுங்கள். “முந்தநாள்” என்பது போதாது. டெங்கில் காய்ச்சல் விடும் வேளைதான் திரவம் கசியத் தொடங்கும் வேளை. பிள்ளை குளிர்ந்துவிட்டது என்று தாய் ஆறுதல்படும்போது நாம் விழித்திருக்க வேண்டும். நிற்காத சத்தி, வயிற்று நோ, சோர்ந்து கிடப்பது, இரத்தக் கசிவு, 6 மணி நேரமாகச் சலம் போகாமை ஆகியவை கண்டால் உடனே அனுப்புங்கள். பிரஷரின் மேல், கீழ் அளவுகளின் இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவு என்றால் அதிர்ச்சி நிலை.

பரசிற்றமோல் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 12 கிலோ பிள்ளைக்கு ஒருமுறை 180 மில்லிகிராம், அதாவது 5 மில்லிலீற்றரில் 120 உள்ள பாணியில் 7.5 மில்லிலீற்றர், 6 மணிக்கொருமுறை. தேக்கரண்டியால் அளப்பதும், பாணியும் மலவாசல் மருந்தும் சேர்த்துக் கொடுப்பதும்தான் வழமையான பிழைகள். புரூஃபன், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் வேண்டாம்.

வயலில் நின்றவரிடம் கெண்டைக்கால் நோ, பீளையில்லாமல் சிவந்த கண், சலம் குறைந்ததா என்று கேளுங்கள். வெள்ளாமை வெட்டினாரா, சேற்றில் இறங்கினாரா என்பதும் இரண்டாம் வரிக்கு முன் வேண்டும்.

பெப்ரவரி 6

சீனி வருத்தக்காரரின் பாதப் பரிசோதனை. கோயில் வீதியின் சுடுமணலில் வெறுங்காலோடு போகும், தீமிதிக்க நேர்ந்துகொள்ளும் ஊர் இது. கால் விறைத்தவருக்குச் சூடு தெரியாது. நேர்த்தியை இகழாமல், காலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையை முதலில் அவருடைய கையில் தொட்டுக் காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல் அடி, முதலாம் ஐந்தாம் விரல்களின் அடிமேடு ஆகிய மூன்று இடத்திலும் இழை வளையும்வரை அழுத்தி 1 அல்லது 2 செக்கன் வையுங்கள். காய்ப்பின்மேல் வைக்கக் கூடாது. “இப்ப தெரியுதா?” என்று வழிகாட்டக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு தடவை தொட்டு, ஒரு தடவை தொடாமலே கேளுங்கள். மூன்றில் இரண்டு விடை பிழையானால் உணர்வு இல்லை. ஒரே இழையால் 10 பேரைப் பார்த்தபின் 24 மணி நேரம் ஓய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் அது தளர்ந்து பிழை காட்டும். விரலிடுக்கையும் பிரித்துப் பார்த்து, பாதத்தின் மேலும் உட்கணுக்காலின் பின்னும் நாடி தேடுங்கள்.

மூன்றாவது வரி: “காக்கும் உணர்வு இழப்பு, நாடி உண்டு, புண் இல்லை, வடிவக் கேடு இல்லை.” இதற்கு 6 முதல் 12 மாதத்தில் மறுபார்வை. வடிவக் கேடும் சேர்ந்தால் 3 முதல் 6 மாதம். முன்பு புண் வந்த காலென்றால் 1 முதல் 3 மாதம்.