மூன்று டேபிள் சாவும் ஒரு டயல் கேஜும்

என் பழைய டேபிள் சாவில், அதாவது மேசை நடுவே வட்ட பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் அறுப்பு மெஷினில், தேக்குப் பலகையை நீளவாட்டில் அறுத்தால், ஃபென்ஸ் (பலகையை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டம்) பக்கம் வரும் முகம் மட்டும் கருகியிருக்கும். பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அதுவும் கருக்கியது. பிறகுதான் டயல் கேஜ் (சின்ன நகர்வையும் முள்ளால் காட்டும் அளவுக் கருவி) வைத்துப் பார்த்தேன். ஒரே பல்லில் பேனாவால் குறி வைத்து, முன்னால் ஒரு தடவை, பிளேடைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் ஒரு தடவை. அரை மில்லிமீட்டர் வித்தியாசம். பிளேடு ஃபென்ஸ் பக்கமாகக் கோணிக்கொண்டு, பின்பக்கப் பல்லால் மரத்தை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

அது மோட்டார் பின்னால் வெளியே தொங்கும் வகை. பிளேடைத் தாங்கும் டிரனியன் மேசையின் அடிப்பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். நேராக்க வேண்டுமென்றால் தரையில் மல்லாந்து படுத்து, மரத்தூள் கண்ணில் விழ விழ, நான்கு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, கட்டையால் தட்டி, மறுபடி முறுக்க வேண்டும். முறுக்கும்போதே அது திரும்ப நகர்ந்துவிடும். மூன்று தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் பிளேடை 45 டிகிரிக்குச் சாய்த்துத் திரும்ப நிமிர்த்தினால் பழைய கதை. மோட்டாரின் எடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் வேறு என்ன ஆகும்?

அதனால் ஹைபிரிட் தேட ஆரம்பித்தேன். மோட்டார் மூடிய பெட்டிக்குள் போய்விடும், மேசை வார்ப்பிரும்பு, ஆனால் பட்டறைகளுக்கான பெரிய கேபினட் சா அளவுக்கு எடையும் மின்சாரமும் கேட்காது. 1939-இல் டெல்டா கம்பெனி கொண்டுவந்த யூனிசா என்ற மெஷினின் வழியில் வந்தவை கேபினட் சாக்கள். ஹைபிரிட்டை அவற்றின் ஒல்லியான தம்பி என்று சொல்லலாம்.

எல்லோரும் முதலில் பேசுவது மோட்டாரின் எச்.பி. பற்றித்தான். ஹைபிரிட் என்றால் பெரும்பாலும் 1.5 முதல் 2 வரை. பவர்மேட்டிக், சாஸ்டாப் என்ற இரண்டு கம்பெனிகளிலும் 1.75 எச்.பி. மாடல் இருப்பது தற்செயல் இல்லை. அமெரிக்காவின் 120 வோல்ட் சாதாரண பிளக்கில் 15 ஆம்பியருக்குள் அடங்க வேண்டுமென்றால் அதற்கு மேல் அதிகம் போக முடியாது. வீட்டில் வருவது 230 வோல்ட் என்றால் இந்தக் கணக்கே வேறு. அங்கே 3 எச்.பி. மோட்டாரும் தனி லைன் இழுத்தால் ஓடும். அப்படியானவர்கள் 1.75 என்ற எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நான் அறுப்பது அதிகபட்சம் இரண்டு அங்குலக் கனம். 3.2 மில்லிமீட்டர் பிளேடுக்குப் பதில் 2.4 மில்லிமீட்டர் பிளேடு போட்டால் மோட்டார் தின்ன வேண்டிய மரமே கால் பங்கு குறைகிறது. ஆனால் ரிவிங் நைஃபின் (பிளேடுக்குப் பின்னால் நின்று வெட்டு மூடாமல் பார்த்துக்கொள்ளும் தகடு) கனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது பிளேடு போடும் வெட்டைவிட மெல்லியதாக இருக்க வேண்டும், பிளேடுத் தகட்டைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பலகை பாதியில் மாட்டிக்கொள்ளும்.

மூன்று மெஷின்களை நேரில் பார்த்தேன். பெயர்கள் வேண்டாம். கையில் டயல் கேஜோடு போனதால் விற்பவர் என்னை ஏதோ ஆய்வாளர் என்று நினைத்துக்கொண்டார்.

முதலாவது பார்க்க அழகு. ஓடும்போது மேசைமேல் நாணயத்தை நிமிர்த்தி வைத்துக் காட்டினார், விழவில்லை. சரி, அதிர்வு இல்லை என்று தெரிந்தது. பிளேடு நேராக இருக்கிறதா என்று நாணயம் எப்படிச் சொல்லும்? கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரனியன் மறுபடியும் மேசைக்கு அடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி போட்டு மூடிய என் பழைய சா! ஹைபிரிட் என்ற பெயரில் இரண்டு விதமும் விற்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாவதில் டிரனியன் கீழே பெட்டியோடு சேர்ந்திருந்தது. பிளேடு அதன் இடத்தில் நிற்கும், நாம் மேசையை மட்டும் நகர்த்தி நேராக்கலாம். போல்ட் நான்கும் நின்றுகொண்டே ஸ்பேனர் போடும் இடத்தில். ஃபென்ஸைப் பூட்டி, பின்முனையைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன். முள் அரை மில்லிமீட்டர் நகர்ந்து, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்தது. முன்னால் மட்டும் பூட்டும் ஃபென்ஸ் கொஞ்சம் வளையும். எனக்கு முக்கியம் அது திரும்பி வருவதுதான்.

மூன்றாவதில் விரல் பட்டால் பிளேடு நிற்கும் பிரேக். ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடிக்குள் அலுமினியக் கட்டை பல்லில் பாய்ந்துவிடும். பிளேடும் போய்விடும், அந்தக் கட்டை இருக்கும் கார்ட்ரிட்ஜும் போய்விடும், விரல் இருக்கும். ஈரமான மரமோ, உள்ளே மறைந்திருக்கும் ஆணியோ அதை உசுப்பிவிடலாம் என்பது தொல்லை. மனைவி கேட்டது ஒரே கேள்வி: "இதுல வெரல் தப்புமா?" தப்பும் என்றேன். "அப்போ இதையே வாங்க வேண்டியதுதானே?" என்றாள். பதில் இல்லாமல் இல்லை, பணம்தான் இல்லை. இரண்டாவதையே வாங்கினேன். அதற்கு ஈடாக, பலகையைத் தள்ளும் புஷ் ஸ்டிக் இரண்டும் ரிவிங் நைஃபும் இல்லாமல் சுவிட்சைத் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவள் அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கிறாள்.

தூசி பற்றி ஒன்றும் பெரிதாக இல்லை. நான்கு அங்குலக் குழாய் மாட்டினால் கீழே விழுவது போகும், பிளேடின் மேலே பறப்பது முகத்துக்குத்தான் வரும். மாஸ்க் போடுங்கள்.

மெஷின் வந்த அன்றே அளந்தேன். 0.2 மில்லிமீட்டர். மூன்று போல்ட்டைத் தளர்த்தி, நான்காவதைப் பாதி இறுக்கத்தில் விட்டு, மேசையின் ஓரத்தில் மரக் கொட்டாப்புளியால் ஒரு தட்டு. 0.03. முறுக்கினேன், நகரவில்லை. அதே தேக்கில் ஒரு துண்டு அறுத்தேன். முகம் வெளுப்பாக வந்தது, இழைப்புளி இரண்டு இழுப்போடு முடிந்தது.

45 டிகிரியில் மட்டும் இன்னும் 0.15 வருகிறது. அதற்கு மேசையின் பின்பக்க போல்ட்களுக்கு அடியில் மெல்லிய தகடு செருக வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட பழைய ஃபீலர் கேஜ் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதிலிருந்தே இரண்டு இலையை வெட்டிக்கொள்ளலாம் என்று யோசனை.