விட்டதைப் பிடிக்கும் நேரம்

ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அட்டையிலிருந்தோ கணக்கிலிருந்தோ தமக்குத் தெரியாமல் பணம் போய்விட்டது என்று முறையிடுபவர்களின் பரிவர்த்தனைகளை எடுத்து, அவை எந்தக் கருவியிலிருந்து, எந்த நேரத்தில், யாருடைய ஒப்புதலோடு நடந்தன என்று பார்த்து, பணத்தைத் திருப்பித் தரலாமா கூடாதா என்று குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. தொடக்கத்தில் வந்த புகார்களில் பெரும்பாலானவை உண்மையான திருட்டுகளாக இருந்தன. அட்டையை நகலெடுத்திருப்பார்கள், அல்லது அதிகாரி போலப் பேசிக் கடவுச்சொல்லை வாங்கியிருப்பார்கள். பிறகு மெல்ல வேறொரு வகைப் புகார் வரத் தொடங்கியது. அதில் பணம் போயிருக்கும். திருடன் மட்டும் இருக்கமாட்டான்.

"நான் செய்யவே இல்லை சார், யாரோ எடுத்திருக்காங்க" என்று தொடங்கும் அந்தப் புகார்களின் கணக்கு அறிக்கையைத் திறந்தால், பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கிவிடும். நள்ளிரவு தாண்டி ஒரு சிறு தொகை, கால் மணி நேரம் கழித்து அதே தொகை, பிறகு நான்கு நிமிட இடைவெளியில் அதன் இரு மடங்கு, பிறகு நிமிடத்துக்கு ஒன்று என்று, கணக்கில் இருப்பு தீரும்வரை பட்டியல் இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஓடிபி அவருடைய கைபேசிக்கே போய், அங்கிருந்தே திரும்பியிருக்கும். திருடன் இப்படி எடுப்பதில்லை. அவன் ஒன்றிரண்டு தடவைக்குள் இருப்பதைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். தயங்கித் தயங்கித் தொடங்கி, போகப்போக வேகமெடுத்து, கடைசியில் எஞ்சிய சில்லறையையும் விடாமல் எடுப்பவர் கணக்கின் சொந்தக்காரராகத்தான் இருப்பார். இணையத்தில் சூதாடியிருப்பார்.

அட்டைவழிப் பணம் வாங்கும் எந்த நிறுவனத்துக்கும் அதன் தொழில்வகையைக் காட்டும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. பந்தயம், லாட்டரி, சூதாட்டம் ஆகியவற்றுக்கு அது 7995. எங்கள் பிரிவில் அந்த எண் ஒரு பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. கோப்பைத் தள்ளிவிட்டு, "இதுவும் ஒரு தொண்ணூற்றைந்து" என்று சக ஊழியர் சொன்னால், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. அந்த எண் இல்லாமலும் வருவார்கள். சூதாட்டத் தளத்தின் உரிமம் ஒரு சிறு தீவில் இருக்கும், பணம் வாங்கும் இடைத்தரகர் வேறொரு நாட்டில் இருப்பார், அறிக்கையில் தெரியும் பெயரோ ஏதோ மென்பொருள் விற்பவருடையதைப் போல இருக்கும். கரீபியக் கடலிலுள்ள ஆன்டிகுவா பார்புடா 1994-இல் இயற்றிய சட்டம்தான் இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் வழங்கும் தொழிலை முதலில் தொடங்கிவைத்தவற்றுள் ஒன்று. ஆடுபவர் ஓரிடத்திலும் ஆட்டம் வேறோர் இடத்திலும் சட்டம் மூன்றாவது இடத்திலும் இருக்கலாம் என்ற ஏற்பாடு அன்றிலிருந்தே இருக்கிறது.

இவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் எழுதினால் அது நியாயமாகாது. சிலர் வீட்டில் சொல்லிவிட்ட பொய்யைக் காப்பாற்றிக்கொள்ளவே எங்களை அழைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் வேறு சிலருக்குத் தாம் எவ்வளவு போட்டோம் என்பது மெய்யாகவே தெரியவில்லை. "ரெண்டு மூணு தடவை போட்டேன், ஒத்துக்கிறேன். மத்ததெல்லாம் நான் இல்லை" என்று உறுதியாகச் சொன்ன ஒருவருக்கு அந்த இரவின் அறுபதுக்கும் மேற்பட்ட பதிவுகளை நேரத்தோடு வாசித்துக் காட்டினேன். முதலில் மறுத்துக்கொண்டிருந்தார், நடுவில் அமைதியானார், முடிவில் "சரி சார்" என்று மட்டும் சொன்னார். அவர் நடிக்கவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். கையிலிருந்து நோட்டை எண்ணிக் கொடுப்பவருக்கு விரல்களாவது கணக்குச் சொல்லும். திரையில் விரல் படுவதற்கு அப்படி ஒரு நினைவு இல்லை.

இந்த ஆட்டங்களின் கணக்கை நான் படித்துத் தெரிந்துகொண்டது இத்தகைய உரையாடல்களுக்குப் பிறகுதான். பல இணைய ஆட்டங்கள் "96 விழுக்காடு திரும்பக் கிடைக்கும்" என்று அறிவிக்கின்றன. அது பெரும்பாலும் பொய்யும் அல்ல. ஆனால் வாடிக்கையாளர் அதை, நூறு போட்டால் சராசரியாகத் தொண்ணூற்றாறு கையோடு வரும் என்று புரிந்துகொள்கிறார். அந்த 96 ஒவ்வொரு பந்தயத்துக்கும் உரியது, முதலில் உள்ளே போட்ட பணத்துக்கு உரியது அல்ல. திரும்பி வந்ததை மறுபடியும் போடுகிறோம், அதில் வந்ததை மறுபடியும் போடுகிறோம். இப்படி மொத்தப் பணமும் 17 முறை சுழன்றால் சராசரியாகப் பாதிதான் மிஞ்சும். 50 முறை சுழன்றால் நூற்றுக்கு 13 மிஞ்சும். இதில் மோசடி எதுவும் இல்லை, வெறும் பெருக்கல்தான். ஆகவே ஆட்டக்காரரைக் கரைப்பது விழுக்காட்டைக் காட்டிலும் வேகம்தான் என்ற முடிவுக்கு வந்தேன். 37 குழிகள் கொண்ட ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் சூதாட்டக் கூடத்துக்குக் கிடைக்கும் சாதகம் 2.7 விழுக்காடு, ஆனால் அது சுழன்று, பந்து நின்று, பணம் பட்டுவாடா ஆகி, அடுத்த பந்தயம் விழுவதற்குள் நிமிடங்கள் ஓடிவிடும். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் ஸ்லாட் எனப்படும் இணையச் சுழலாட்டங்களில் ஒரு சுற்று 2.5 விநாடிக்குக் குறையக்கூடாது என்று 2021 அக்டோபரிலிருந்து விதித்திருக்கிறது. கட்டுப்பாடு என்று வந்த அந்த வேகத்திலேயே மணிக்கு 1,440 சுற்றுகள் ஆடலாம் என்றால், கட்டுப்பாடு இல்லாத இடத்தின் வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே விதிகளில் இன்னும் மூன்று விஷயங்கள் தடை செய்யப்பட்டன, அவற்றைப் படித்தபோது என் மேசைக்கு வந்த கோப்புகளை யாரோ எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது. ஆடுபவர் தொடாமலே ஆட்டம் தானாக ஓடிக்கொண்டிருக்கும் வசதி முதலாவது. பத்து போட்டு நான்கு திரும்பினாலும் வெற்றி பெற்றதுபோல ஒளியும் ஓசையும் எழுப்புவது இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்கு நன்கு பழக்கமானது: பணத்தை வெளியே எடுக்கக் கோரிய பிறகு, அது கைக்கு வருவதற்குள் அந்தக் கோரிக்கையை ரத்து செய்து மறுபடி ஆட விடுவது. உள்ளே போடும் பணம் நொடியில் போய்ச் சேரும், வெளியே எடுக்கும் பணத்துக்கு மட்டும் சரிபார்ப்பு, அடையாளச் சான்று, மூன்று வேலைநாள் என்று ஆயிரம் சடங்கு இருக்கும். ஜெயித்தவர்களும் எங்களிடம் புகார் தந்தார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். "ஜெயிச்ச பணம் இன்னும் வரலை" என்று திங்கட்கிழமை அழைத்தவர், வியாழக்கிழமை நாங்கள் விசாரித்துச் சொல்லும்போது, "பரவாயில்லை சார், அதை விட்டுட்டேன்" என்பார். எங்கே விட்டார் என்று கேட்க மாட்டோம்.

விட்டதைப் பிடிப்பது என்ற சொல்லை நான் அதிகம் கேட்டது இந்த வேலையில்தான். ஆனால் சூதாட்டக் கூடத்தில் இதே எண்ணம் எழுந்தவருக்குக் குறுக்கே எத்தனை நிற்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கையில் பணம் தீர்ந்திருக்கும். கூடம் மூடும் நேரம் வரும். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். வீட்டுக்கு நடந்து போகவேண்டும், அந்த நடையில் கொஞ்சம் வெறி இறங்கும். வீட்டில் யாராவது எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்கள். இவற்றில் எதையும் யாரும் சூதாட்டத்தைத் தடுப்பதற்கென்று ஏற்படுத்தவில்லை. தற்செயலாக அமைந்த தடைகள்தாம் அவை, எனினும் பல குடும்பங்களைக் காப்பாற்றியவை. கைபேசி அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டது. ஆசைக்கும் செயலுக்கும் நடுவே இருந்த நேரம்தான் காணாமல் போயிருக்கிறது. குடியை வாசனை காட்டிக்கொடுக்கும், நடை காட்டிக்கொடுக்கும். மனைவிக்கு அருகில் படுத்தபடி, ஒலியை நிறுத்திவிட்டு, போர்வைக்குள் ஆடும் ஆட்டத்தைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. மாத முடிவில் வரும் கணக்கு அறிக்கை ஒன்றுதான் சாட்சி, அதற்கும் கடவுச்சொல் இருக்கிறது.

அந்தச் சாட்சியைப் படிக்கும் வேலையில் நான் இருந்தேன், ஆனால் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஒரு பெண்மணி அழைத்தார். கணவருடைய சம்பளம் வந்த அன்றே தீர்ந்துபோகிறது, கேட்டால் வங்கியில் ஏதோ கோளாறு என்கிறார், அந்தக் கோளாறு எப்போது சரியாகும் என்பதுதான் அவருடைய கேள்வி. கணக்கு எண்ணைச் சொன்னார், பழக்கத்தில் தட்டிவிட்டேன், திரை முழுவதும் தொண்ணூற்றைந்து. "மன்னிக்க வேண்டும் அம்மா, கணக்குக்கு உரியவரைத் தவிர மற்றவருக்கு விவரம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை" என்று விதிப்படி சொன்னேன். "விவரமெல்லாம் வேண்டாம்ங்க, உங்க பக்கம் கோளாறா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க" என்றார். கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். உரையாடல் பதிவாகிறது என்ற நினைப்பில், அவரையே நேரில் வரச் சொல்லுங்கள் என்று முடித்துக்கொண்டேன். விதி சரியானதுதான், அதை மாற்றவேண்டும் என்றும் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு பொய்க்கு வங்கியின் பெயரைக் கடன் கொடுத்துவிட்டேன் என்ற எண்ணம் போகவில்லை.

கடன் என்றதும் இன்னொன்று. பிரிட்டன் 2020 ஏப்ரலிலும் ஆஸ்திரேலியா இணையப் பந்தயங்களுக்கு 2024 ஜூனிலும் கடன் அட்டையால் பணம் கட்டுவதைத் தடை செய்தன. கடன் வாங்கிச் சூதாடக்கூடாது என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் நான் பார்த்த அறிக்கைகளில் 2.14 மணிக்கு ஓர் உடனடிக் கடன் செயலியிலிருந்து பணம் கணக்குக்கு வந்து, 2.16-க்கு அது ஆட்டத்துக்குப் போயிருக்கும். அது கடன் அட்டை அல்ல, அவருடைய சொந்தக் கணக்கு; எந்த விதியும் மீறப்படவில்லை. கடன் கொடுப்பவர் முன்பெல்லாம் முகத்தைப் பார்த்தார், எதற்கு என்று கேட்டார், ஒரு நாள் கழித்து வா என்றார். இப்போது சூதாட்டக் கடைக்காரரும் கடன் கொடுப்பவரும் ஒரே திரையில் அடுத்தடுத்து இருக்கிறார்கள், இருவருமே உறங்குவதில்லை. சமூகத்துக்கு நேரும் தீங்கு என்று பேசும்போது இந்த இரண்டு நிமிடத்தையே நான் சுட்டிக்காட்டுவேன். ஏனெனில் அந்தக் கடனை அடைப்பவர் பெரும்பாலும் ஆடியவராக இருப்பதில்லை. பெற்றோரின் சேமிப்போ, உடன்பிறந்தவரின் கையெழுத்தோ, சில சமயம் வேலை செய்யும் இடத்தின் கல்லாவோதான் அடைக்கிறது.

இந்தப் பழக்கத்தை ஒழுக்கக்கேடு என்று திட்டி முடித்துவிடும் காலம் போய்விட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் சூதாட்டக் கோளாற்றை மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அத்தியாயத்துக்கே மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, 2022 முதல் நடைமுறையில் இருப்பது, இன்னும் ஒரு படி சென்று அதை நேரடியாக ஆடுவது, இணையத்தில் ஆடுவது என்று இரண்டாகப் பிரித்தே குறிக்கிறது. மருத்துவர்கள் தனியே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் படிவங்களிலோ "வாடிக்கையாளரே ஒப்புதல் அளித்தது, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது" என்ற ஒரே வரிதான் இருந்தது.

என் பங்கையும் சொல்லவேண்டும். இரவில் தொடர்ச்சியாகப் போகும் சிறு தொகைகளைச் சந்தேகத்துக்குரியவையாகக் கருதி நிறுத்திவைக்கும் ஒரு கணினி ஏற்பாடு எங்களிடம் இருந்தது. திருட்டைத் தடுக்க வைத்தது. ஆட்டக்காரர்களையும் சேர்த்துத் தடுத்தது. என் பணத்தை நான் செலவழிக்க நீங்கள் யார் என்று புகார்கள் குவிந்தன. வாடிக்கையாளருடைய கருவியும் ஓடிபியும் சரியாக இருந்தால் 7995-ஐ இந்தச் சோதனையிலிருந்து விலக்கலாம் என்று ஒரு குறிப்பு மேலே போனது. அதைத் தெளிவாகவும் தர்க்கமாகவும் எழுதியதற்காக என்னைப் பாராட்டினார்கள். அடுத்த மாதமே புகார்கள் குறைந்தன. புகார் குறைவதும் தீங்கு குறைவதும் ஒன்றல்ல என்பது, அந்தக் குறிப்பின் விளைவுகள் முறையீடுகளாகத் திரும்பி வரத் தொடங்கிய பிறகே எனக்கு உறைத்தது.

முழுத் தடை விதித்தால் தீர்ந்துவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு பாதிதான். மூடிய தளம் வேறு பெயரில் மறுநாள் திறப்பதையும், குறியீடே இல்லாத வழிகளில் பணம் போவதையும் நான் பார்த்திருக்கிறேன். "பொறுப்புடன் விளையாடுங்கள்" என்ற பொடி எழுத்து வாசகத்தின்மீது எனக்கு அந்தப் பாதி நம்பிக்கைகூட இல்லை. வேலையில் நான் கண்கூடாகப் பார்த்த ஒரே நல்ல ஏற்பாடு மிக எளிமையானது. பிரிட்டனில் 2018 முதல் சில வங்கிகள் செய்துவருவதுபோல, வாடிக்கையாளரே தம் கணக்கில் சூதாட்டப் பரிவர்த்தனைகளுக்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளும் வசதியை எங்கள் வங்கியும் பின்னாளில் கொண்டுவந்தது. பூட்டை எப்போது வேண்டுமானாலும் போடலாம். எடுக்கச் சொன்னால் மட்டும் 48 மணி நேரம் காத்திருக்கவேண்டும், அதன்பின் நாங்கள் அழைத்து உறுதிசெய்வோம். போடுவதற்கு நொடி, எடுப்பதற்கு நாட்கள் என்று, ஆட்டச் செயலியின் கணக்கைத் தலைகீழாக வைத்திருந்தார்கள்.

அந்த உறுதிப்படுத்தும் அழைப்புகள் என் கடைசி இரண்டு ஆண்டு வேலை. ஒருவர் ஏறக்குறைய எல்லா மாதமும், சம்பளம் வந்த இரவில், பூட்டை எடுக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்புவார். நேரம் பெரும்பாலும் ஒரு மணிக்கு மேல் இருக்கும். மூன்றாம் நாள் காலையில் நான் அழைப்பேன். சில மாதங்களில், "ஆமா, எடுத்துடுங்க" என்று சுருக்கமாகச் சொல்லுவார், எடுத்துவிடுவேன், வேறு வழியில்லை. வேறு சில மாதங்களில் எதிர்முனையில் வேலையிடத்துச் சத்தம் கேட்கும், அவர் சற்று நேரம் ஒன்றும் பேசமாட்டார். "எந்தக் கோரிக்கை சார்?" என்று கேட்பார். நான் தேதியையும் நேரத்தையும் சொல்லுவேன். "அதுவா," என்பார், "அது இருக்கட்டும்."